இரவில் உள்ளங்கை, உள்ளங்கால் எரிவு: கொரிய மருத்துவம் சொல்லும் வழி

பாயில் சரிந்ததும் உள்ளங்கால் எரியும், போர்வைக்குள் வைக்க ஏலாது. உள்ளங்கை இரண்டு, உள்ளங்கால் இரண்டு, நெஞ்சு என ஐந்து இடத்திலும் சூடு தெரிந்தால் கொரிய மருத்துவர்கள் ‘ஓசிம்பொன்யோல்’ என்பார்கள். பெரும்பாலும் இதைச் சூடு கூடியதாக அல்ல, யின், அதாவது உடம்பைக் குளிர்மையாகவும் ஈரமாகவும் வைக்கும் தன்மை, குறைந்ததாகவே பார்ப்பார்கள். தண்ணீர் வற்றிய பானை சிறு நெருப்பிலும் கொதிக்கும் அல்லவா? இரவில் அடங்க வேண்டிய யாங், அதாவது சூட்டுத் தன்மை, யின் போதாமல் வெளியே கிளம்புகிறது என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் முதல் வேலை இரத்தப் பரிசோதனை. சீனி வருத்தத்தால் நரம்பு பழுதானாலும் இப்படித்தான் எரியும். வெறும்வயிற்றுச் சீனி, எச்பிஏ1சி (மூன்று மாதச் சீனிச் சராசரி), விட்டமின் பி12, தைராய்டு, சிறுநீரகம் எல்லாம் பாருங்கள். சீனி வருத்தத்துக்கான மெட்ஃபோர்மின் குளிசை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். ஒரு பக்கம் மட்டும் திடீரென விறைத்தால், பலம் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிறகு நாக்கைப் பாருங்கள்: காலையில், தேநீருக்கு முன், பகல் வெளிச்சத்தில். சிவந்து, படிவு குறைந்து, வெடிப்பு விழுந்திருந்து, வாய் வறட்சியும் இரவு வியர்வையும் இருந்தால் யின் குறைவு. மஞ்சள் படிவு தடித்து, கால் கனத்து வீங்கினால் ஈரச்சூடு, அதாவது ஈரமும் சூடும் சேர்ந்து தேங்கிய நிலை. இந்த வித்தியாசம்தான் முக்கியம். யின் குறைவுக்குக் கொடுக்கும் ‘யுக்மி ஜிஹ்வாங்’ மருந்தில் ஆறு சரக்கு உண்டு. அளவு 8, 4, 4, 3, 3, 3 என்ற விகிதம். எட்டுப் பங்கான ஜிஹ்வாங் கிழங்கு பிசுபிசுப்பானது. ஈரச்சூட்டுக்காரருக்கு அது கனத்தைக் கூட்டும், செரிமானம் குறைந்தவருக்கு வயிறு ஊதி இளகிப் போகும். இணையத்தில் வாங்கிக் குடிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கைதடியில் சித்த மருந்து எடுப்பவர்களும் கிளினிக் போகிறவர்களும் வைத்தியரிடம் சொல்லாமல் இதைச் சேர்க்கக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியது இது. படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன் 36–38 பாகை செல்சியஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கால் வையுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் காலால் சூடு பார்க்கக் கூடாது; முழங்கையால் பாருங்கள், இல்லையேல் வேறொருவரைக் கேளுங்கள். விரலிடுக்கை ஒற்றித் துடையுங்கள், ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். பிறகு விரல்களை மடக்கினால் பாதத்தின் முன்பக்கத்தில் விழும் குழியை, யோங்சொன் புள்ளியை, கைப் பெருவிரலால் ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். காலுக்கு ஒரு நிமிடம் போதும். உள்கணுக்காலுக்கும் பின்பக்கக் குதிநாணுக்கும் நடுவிலுள்ள தேகே புள்ளியையும் அப்படியே. புண், வெடிப்பு இருந்தால் தொட வேண்டாம். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்டே அழுத்த வேண்டும்.

ஐஸ் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அந்த நேரம் சுகம் தரும், எடுத்ததும் எரிவு திரும்பும். திரும்பத் திரும்ப வைத்தால் தோல் புண்ணாகும். உறைப்புக் குழம்பை மதியத்தோடு நிறுத்தி, பதினொரு மணிக்கு முன் படுங்கள். இரண்டு கிழமையில் குறையாவிட்டால் வைத்தியரிடம் திரும்பப் போங்கள்.