ஈசிஜி கோடு நடுங்கினால் எந்த எலெக்ட்ரோடைப் பார்ப்பது?

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்து மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு அடிக்கடி வரும் புகார் இது: "ஈசிஜி மெஷின் சரியில்லை, கோடு ஆடுது." பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருக்காது. ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் தாளைப் படியுங்கள்.

நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி. அதற்குள் ஒரே சீராகப் பத்துச் சிற்றலைகள் இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். கோடு தடித்து எண்ண முடியாவிட்டால் 50 மி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள், கட்டத்துக்கு ஐந்தாக விரியும்.

இனி, உடலில் ஒட்டிய எந்த எலெக்ட்ரோடில் தவறு என்று இடம் காண வேண்டும். லீட் என்பது எலெக்ட்ரோடுகளுக்கு இடையே எடுக்கும் பதிவு. லீட் 1 இரு கைகளுக்கு இடையே, லீட் 2 வலக்கைக்கும் இடக்காலுக்கும், லீட் 3 இடக்கைக்கும் இடக்காலுக்கும் இடையே அளக்கிறது. ஆகவே 1, 2 இரண்டிலும் இரைச்சல் இருந்து 3 சுத்தமாக இருந்தால் தவறு வலக்கை எலெக்ட்ரோடில். 1, 3 என்றால் இடக்கை. 2, 3 என்றால் இடக்கால். எல்லாவற்றிலும் இருந்தால் முதலில் வலக்கால் ஒயரைப் பாருங்கள். அலை வரைவதில் பங்கில்லை என்று அதை அலட்சியம் செய்கிறார்கள். இரைச்சலை அடக்கும் சுற்று அதன் வழியாகத்தான் இயங்குகிறது.

தவறான எலெக்ட்ரோட் இருந்த இடத்தில் முடி இருந்தால் மழித்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஈரம் காய்ந்தபின் காஸ் துணியால் லேசாகத் தேய்த்துப் புது எலெக்ட்ரோடை ஒட்டுங்கள். பிரித்துப்போட்ட பாக்கெட்டில் ஜெல் காய்ந்திருக்கும். லீட் ஒயர் பவர் கார்டோடு சேர்ந்து கிடந்தால் விலக்குங்கள்.

பில்டர் பொத்தானை மட்டும் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். 12 லீட் பதிவுக்கு 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை வேண்டும். மூச்சால் கோடு மேலும் கீழும் போகிறதென்று கீழ் எல்லையைப் படுக்கையருகே உள்ள மானிட்டர்போல 0.5-க்கு ஏற்றினால், பல மெஷின்களில் எஸ்டி பகுதி (மாரடைப்பை அறியப் பார்க்கும் கோட்டுப் பகுதி) இடம்மாறும். இல்லாத மாரடைப்பு தெரியலாம், இருப்பது மறையலாம்.

பார்க்கின்சன் நோயாளியின் கை நடுக்கம் 4 முதல் 6 ஹெர்ட்ஸ். இதயத்தின் மேலறைகள் மிக வேகமாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃப்ளட்டரோ நிமிடத்துக்குச் சுமார் 300, அதாவது 5 ஹெர்ட்ஸ். இரண்டும் தாளில் ஒன்றுபோலவே தெரியும். நடுங்கும் கை சேராத லீடில் பி அலை (மேலறைத் துடிப்பைக் காட்டும் சிறிய அலை) தெளிவாக இருந்தால் அது ஃப்ளட்டர் அல்ல. எலெக்ட்ரோடைத் தோளருகே மாற்றி மறுபடி எடுங்கள்.

லீட் 1 முழுக்கத் தலைகீழாக இருந்தால் கை ஒயர்கள் இடம்மாறியிருக்கலாம். நிறத்தை நம்பாதீர்கள்: பச்சை ஐரோப்பிய முறையில் இடக்கால், அமெரிக்க முறையில் வலக்கால். ஒயரில் அச்சிட்ட எழுத்தைப் பாருங்கள். இதயமே வலப்பக்கம் இருப்பவருக்கும் லீட் 1 இப்படித்தான் வரும். ஆனால் அவருக்கு மார்பு லீடுகளில் வி1-லிருந்து வி6 நோக்கி ஆர் அலை (துடிப்பில் மேலெழும் கூர்முனை) சிறுத்துக்கொண்டே போகும். ஒயர் மட்டும் மாறியிருந்தால் அது வழக்கம்போல வளரும்.