பட்ஜெட் அன்று சாயங்காலம் ஒரு நோட்டும் பேனாவும்

பிப்ரவரி 1 எங்கள் பக்கத்தில் சம்பா அறுவடை நேரம். வயலில் மெஷின் ஓடும், கொள்முதல் நிலைய வாசலில் நெல் அம்பாரமாகக் கிடக்கும், டீக்கடை டி.வி.யில் நிதியமைச்சர் பேசிக்கொண்டிருப்பார். 2025-ல் அது சனிக்கிழமை. பகல் ஒரு மணிக்குள் என் போனில் பதினேழு அழைப்பு. எல்லாருக்கும் ஒரே கேள்வி: "அக்கா, பன்னண்டு லட்சம் வரைக்கும் வரியே கிடையாதாமே?"

மன்னார்குடியில் இருபத்திரண்டு வருஷமாக வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மோட்டார் கடை வைத்திருப்பவர்கள், சிங்கப்பூரில் பிள்ளை இருக்கும் வீடுகள், நாலு மா அளவு நிலத்தோடு ஒரு சின்ன வியாபாரமும் பார்ப்பவர்கள், இவர்கள்தான் என்னிடம் வருகிறவர்கள். பட்ஜெட் முடிந்ததும் "நல்லதா, கெட்டதா?" என்று கேட்பார்கள். அதற்கு நான் பதில் சொல்வதில்லை. ஒரு நோட்டைத் திறந்து எழுதச் சொல்வேன். எப்படி எழுதுவது என்பதை இங்கே விவரமாகச் சொல்கிறேன். கணக்கெல்லாம் 2025 பட்ஜெட்டை வைத்துத்தான். அந்த வருஷம்தான் ஆசையும் குழப்பமும் அதிகம்.

முதலில், டி.வி.யில் கீழே ஓடுகிற எழுத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். பட்ஜெட் உரைக்கு இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதியில் திட்டங்கள் வரும், இரண்டாம் பகுதியில் வரி வரும். உரை முடிந்த சிறிது நேரத்தில் எல்லா ஆவணங்களும் மத்திய அரசின் பட்ஜெட் இணையதளத்தில் வந்துவிடும். ஆனால் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழில் கிடையாது. நம் பணத்தைப் பற்றிய பேச்சை நம் மொழியில் படிக்க முடியவில்லையே என்று ஒவ்வொரு வருஷமும் எனக்கு மனசு வலிக்கும். வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். முழு உரையையும் படிக்க வேண்டாம். வரி மாற்றங்களைச் சட்டமாக்குவது நிதி மசோதா. அதற்கு ஒரு விளக்கக் குறிப்பு போடுவார்கள். அதில் ஒவ்வொரு மாற்றத்தின் கடைசியிலும் அது எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வரும் என்று இருக்கும். அந்த வாக்கியத்தை முதலில் தேடச் சொல்லுங்கள்.

தேதியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் ஒரு பெரியவர் பட்ட கஷ்டத்தை நான் நேரில் பார்த்தேன். நீடாமங்கலம் பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர். பென்ஷனும் வைப்புநிதி வட்டியும் சேர்த்து அவருக்கு அந்த வருஷம் 9,75,000 ரூபாய். 2025 ஜூலையில் வந்து உட்கார்ந்தவர், "பிடிச்ச வரியெல்லாம் திரும்ப வந்துடும்ல, அம்மா? பேத்தி காலேஜ் பீஸுக்கு அதைத்தான் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். பிப்ரவரியில் சொன்ன 12 லட்சம், 2025 ஏப்ரல் 1-க்குப் பிறகு வரும் வருமானத்துக்கு. அவர் கையில் வைத்திருந்தது 2024-25 கணக்கு. அந்த வருஷம் வரம்பு 7 லட்சம். சம்பளக்காரருக்கும் பென்ஷன்காரருக்கும் பொதுவாகக் கழிக்கும் நிலைக்கழிவு 75,000 போக 9 லட்சம் நிற்கிறது. வரி 40,000, அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம், ஆக 41,600. பிடித்திருந்ததும் ஏறக்குறைய அதே தொகைதான். திரும்ப வருவதற்கு ஒன்றும் இல்லை என்று சொன்னபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இதே வருமானம் அடுத்த வருஷம் வந்தால் வரி பூஜ்யம். ஒரு வருஷ வித்தியாசத்தை யாராவது பிப்ரவரியிலேயே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் நோட்டில் முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்: "எந்த ஏப்ரலிலிருந்து எந்த மார்ச் வரை?" சம்பாதித்த வருஷத்துக்கு நிதியாண்டு, கணக்குக் காட்டும் அடுத்த வருஷத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு என்று இரண்டு பெயர் இருந்ததால் வந்த குழப்பம் இது. 2026 ஏப்ரல் 1 முதல் வரும் புதிய வருமான வரிச் சட்டத்தில் 'வரி ஆண்டு' என்று ஒரே பெயர்தான். வயதானவர்களுக்கு அது ஒரு ஆறுதல்.

இரண்டாவது கேள்வி: "இது யாருக்கு?" இந்த இடத்தில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும்.

12 லட்சம் என்பது வரியே இல்லாத எல்லை அல்ல. வருமான வரிக்குப் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு உண்டு. புதிய முறையில் 4 லட்சம் வரைதான் வரி இல்லை. அதற்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10 சதவீதம், இப்படி ஏறிக்கொண்டே போய் 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். 12 லட்சத்துக்குக் கணக்கிட்டால் 60,000 ரூபாய் வரி வரும். அந்த 60,000-ஐத் தள்ளுபடி செய்கிறார்கள். சம்பளக்காரருக்கும் பென்ஷன்காரருக்கும் நிலைக்கழிவு 75,000 சேர்ந்து 12,75,000 வரை போகிறது. பழைய முறையில் எல்.ஐ.சி., வீட்டுக்கடன் எல்லாம் காட்டுகிறவர்களுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது.

தள்ளுபடி என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அது இந்தியாவில் குடியிருப்பவருக்கு மட்டும். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற பிள்ளைக்கு மன்னார்குடியில் வாடகை வந்தால், கணக்கில் அவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால், 4 லட்சத்துக்கு மேல் போகிற தொகைக்கு வரி உண்டு. மனை விற்ற லாபம், பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கும் இந்தத் தள்ளுபடி ஓடாது.

நம் டெல்டாக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, உண்மைதான். ஆனால் மற்ற வருமானமும் இருந்தால், எந்த விகிதத்தில் வரி என்று பார்க்கும்போது விவசாய வருமானத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு மோட்டார் கடைக்காரருக்குக் கடை வருமானம் 11 லட்சம், செலவு போக நெல்லிலும் உளுந்திலும் 3 லட்சம் என்று வையுங்கள். இரண்டையும் கூட்டி 14 லட்சத்துக்கு வரி போட்டால் 90,000. பிறகு 4 லட்சத்தோடு விவசாய வருமானம் 3 லட்சத்தைக் கூட்டி, 7 லட்சத்துக்கு வரி போட்டால் 15,000. 90,000-த்தில் 15,000 போக 75,000. தள்ளுபடி 60,000-க்கு மேல் தரமாட்டார்கள். ஆக 15,000 ரூபாயும் அதற்கு செஸ் 600-ம் கட்ட வேண்டும். "பன்னண்டு லட்சத்துக்குக் கீழதானே இருக்கேன்" என்று இருந்துவிட்டால் பிறகு நோட்டீஸ்தான் வரும். விவசாய வருமானம் 5,000-க்கு மேல் இருந்தால் வரிக் கணக்கின் எளிய முதல் படிவமும் (ஐ.டி.ஆர்.-1) ஆகாது. அதற்காக நெல் பணத்தை மறைக்காதீர்கள். கொள்முதல் ரசீதை எடுத்து வையுங்கள், உழவுக் கூலி, நடவுக் கூலி, உரச் சீட்டு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். செலவைக் கழித்தால்தான் உண்மையான வருமானம் தெரியும்.

மூன்றாவது கேள்வி: "இதை முடிவு செய்கிறவர் யார்?" எங்கள் தெரு டீக்கடையில் டிராக்டர் விலை, நெல் விலை, டீசல், பவுன் எல்லாவற்றுக்கும் பட்ஜெட்டையே காரணம் சொல்வார்கள். பவுனுக்கு அது சரி. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆக்கினார்கள், உடனே விலை இறங்கியது. டிராக்டருக்கு அது சரியில்லை. ஜி.எஸ்.டி.யை முடிவு செய்வது மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்த ஜி.எஸ்.டி. கவுன்சில். 2025 செப்டம்பர் 3 கூட்டத்தில் முடிவெடுத்து, செப்டம்பர் 22 முதல் டிராக்டரையும் அறுவடை மெஷினையும் 12-லிருந்து 5 சதவீதத்துக்கு இறக்கினார்கள். வரி நீங்கலாக 8 லட்சம் விலையுள்ள டிராக்டரில் இது 56,000 ரூபாய். அந்த வருஷம் விவசாயி கைக்கு வந்த பெரிய வரிக்குறைப்பு பட்ஜெட்டில் வந்ததே இல்லை. நெல் விலையும் அப்படித்தான். 2025 மே 28-ல் மத்திய அமைச்சரவை சாதாரண ரகத்துக்கு 2,369, சன்ன ரகத்துக்கு 2,389 என்று முடிவு செய்தது. மாநில அரசு 131-ம் 156-ம் சேர்த்து, செப்டம்பர் முதல் குவிண்டாலுக்கு 2,500, 2,545 என்று ஆனது. மாநிலத்துக்குத் தனி வேளாண் பட்ஜெட்டும் 2025 மார்ச்சில் வந்தது. ஆகவே பிப்ரவரி 1-லேயே எல்லாம் முடிந்துபோனதாக நினைக்காதீர்கள்.

நான்காவது கேள்வி: "சொன்னதா, வந்ததா?" 2025 உரையில் கிசான் கிரெடிட் கார்டு கடன் வரம்பை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்துவதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமையே எங்கள் பக்கத்துக் கூட்டுறவு சங்கத்தில் ஆட்கள் போய் நின்றார்கள். மே 28-ல் அந்தக் கடனுக்கான வட்டி மானியத் திட்டத்தை அந்த ஆண்டுக்குத் தொடர அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, வெளியான அறிவிப்பில் 3 லட்சம் என்றுதான் இருந்தது, மாற்றம் இல்லை என்றும் இருந்தது. அதற்குள் ஐந்து லட்சத்தை நம்பி நிலத்துக்கு முன்பணம் கொடுத்தவரும் உண்டு. உரையில் வந்தது சொல். அரசாணையோ சுற்றறிக்கையோ வந்தால்தான் பணம். இரண்டுக்கும் நோட்டில் தனித்தனிப் பத்தி போட்டு, தேதி எழுதுங்கள். விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகையான பி.எம். கிசானுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு ஜனவரியிலும் தொகை கூடும் என்று வாட்ஸ்அப்பில் வரும். 2019 இடைக்கால பட்ஜெட்டில் சொன்ன 6,000 ரூபாய்தான் 2025-லும். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்குச் செய்கிறவர்களுக்கு அதுவும் கிடையாது, பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். காவிரிக் கரையில் எத்தனை குடும்பம் அப்படி! இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கோபத்தை என்ன செய்வது? டீக்கடையில் பேசித் தீர்த்துவிடக் கூடாது. நாம் சொல்வது போய்ச் சேருவதற்கு ஒரு காலம் இருக்கிறது. என் அப்பா சாயங்காலம் ஐந்து மணிக்கு ரேடியோவில் பட்ஜெட் கேட்பார். 1999-லிருந்து அது பகல் பதினொன்றானது. 2017-லிருந்து பிப்ரவரி 1 ஆனது. ஏப்ரலுக்கு முன்பே நாடாளுமன்றத்தில் நிறைவேற்றுவதற்காகத்தான் முன்னால் தள்ளினார்கள். உரைக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவே உள்ள அந்த ஏழெட்டு வாரத்தில் மசோதா மாறலாம், மாறியும் இருக்கிறது. 2016 பிப்ரவரி 29-ல் வருங்கால வைப்புநிதியிலிருந்து எடுக்கும் பணத்தில் 60 சதவீதத்துக்கு வரி என்றார்கள். தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். மார்ச் 8-ல் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி அதைத் திரும்பப் பெற்றார்.

2024-ல் நடந்தது என் வாடிக்கையாளர் ஒருவரையே தொட்டது. மனை, வீடு விற்ற லாபத்துக்கு விலைவாசியைக் கணக்கில் எடுக்கும் முறையை நீக்கி, 20 சதவீதத்துக்குப் பதில் 12.5 சதவீதம் என்று ஜூலை 23-ல் அறிவித்தார்கள். விகிதம் குறைந்ததென்று டி.வி. சொன்னது. அவர் 2005-06-ல் 4 லட்சத்துக்கு வாங்கிய மனையை 16 லட்சத்துக்கு விற்கப் பேசி வைத்திருந்தார். பழைய முறையில் ஏறக்குறைய 72,000 வரி. புதிய முறையில் 1,50,000. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்ப, ஆகஸ்டில் மசோதாவைத் திருத்தினார்கள். ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், வீடு என்றால் இரண்டு வகையிலும் கணக்கிட்டுக் குறைந்ததைக் கட்டலாம் என்று வந்தது. வயல் விற்பவர்களுக்கும் ஒரு விஷயம்: கிராமத்து விளைநிலத்துக்கு இந்த வரி இல்லை. ஆனால் கும்பகோணம் மாதிரி ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரத்தின் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 6 கிலோமீட்டருக்குள் இருந்தால் அது கிராமத்து நிலம் ஆகாது. மன்னார்குடி மாதிரி ஊருக்கு 2 கிலோமீட்டர்.

ஆகவே உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குள் கடிதம் போடுங்கள். ஒரு பக்கம் போதும், தமிழில் போதும். "சாமானியனுக்கு ஒன்றுமில்லை" என்று எழுதினால் அவர் பேசுவதற்கு அதில் எதுவும் இல்லை. உங்கள் வருமானம் எவ்வளவு, போன வருஷம் கட்டிய வரி எவ்வளவு, இந்த மாற்றத்தால் எவ்வளவு ஆகும் என்று மூன்று எண் எழுதுங்கள். எந்த ஷரத்து மாற வேண்டும் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். குத்தகைக்காரர் என்றால் எத்தனை மா, எத்தனை வருஷமாகச் சாகுபடி, வருஷத்துக்கு எத்தனை கலம் நெல் குத்தகை அளக்கிறீர்கள் என்று எழுதுங்கள். தெருவில் பத்துப் பேர் இருந்தால் ஒரே கடிதத்தில் கையெழுத்து வாங்காமல், பத்துப் பேரும் அவரவர் எண்ணோடு தனித்தனியாக எழுதுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதை அந்த நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.

போன முறை என் அறையில் உட்கார்ந்து ஏழு பேர் எழுதினார்கள். தலைமையாசிரியர்தான் எல்லாருடையதையும் படித்துப் பிழை திருத்திக் கொடுத்தார்.