முன்வாசல் பெஞ்சுக்கு ஒட்டுத்துணி விரிப்பு: தீபாவளிக்குள் முடிப்பது எப்படி?

பாஜு கூரோங் என்ற மலாய்ப் பெண்கள் உடை, பள்ளிச் சீருடை, ரவிக்கை என்று ஆண்டு முழுவதும் தைக்கிற என் போன்றவர்கள் வீட்டில் வெட்டுத்துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை இணைத்து மேல்துணி தைப்பதில் எல்லாருக்கும் ஆசை. அதன் பிறகு அது அலமாரியில் படுத்துவிடும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே அதை வெளியே எடுங்கள். பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்த மாதங்கள். துவைத்த விரிப்பு காய ஒரு முழுவெயில் நாள் கிடைப்பதே அரிது.

குளிர்நாட்டுக்காரர்கள் இலையுதிர் காலத்தில் வராந்தாவில் உட்காரும்போது இப்படிப்பட்ட விரிப்பைக் காலில் போர்த்திக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்து நடு அடுக்குக்குத் தடித்த பாலியெஸ்டர் பஞ்சு வாங்காதீர்கள். பட்டர்வர்த் வெக்கையில் அதன்மேல் யார் உட்காருவது? நான் நடுவில் வைப்பது இரண்டாக மடித்த பழைய வேட்டி. துவைத்துத் துவைத்துச் சுருங்கி முடித்த துணி, சீக்கிரம் காயும்.

மேல்துணியில் சிவப்புச் சுங்குடியோ, மெழுகு வைத்துச் சாயமேற்றிய பத்தேக் துணியோ இருந்தால், ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் அந்தக் கட்டத்தைப் பிரித்து மாற்றுங்கள். சாயம் போகாமலிருக்க உப்புத் தண்ணீரில் ஊறவைக்கும் வைத்தியத்தை நான் நம்புவதில்லை.

அடித்துணி, நடுவில் வேட்டி, மேல்துணி என்று மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள். தையலும் நடுவிலிருந்தே தொடங்கட்டும். பிறகு ஓரங்களை நேராக வெட்டுங்கள்.

விரிப்பின் விளிம்பைச் சுற்றி மூடும் ஓரப்பட்டியில்தான் தையற்காரர் கை தெரியும். 40 அங்குலம் அகலம், 60 அங்குலம் நீளம் என்றால் சுற்றளவு 200 அங்குலம். கைவசம் இன்னும் 12 வேண்டும். துணியின் அகலம் முழுவதும் ஓடும்படி, இரண்டரை அங்குல அகலத்தில் ஆறு பட்டி வெட்டினால் போதும், அரை மீட்டர் துணியில் அடங்கிவிடும். பட்டிகளைச் சாய்வாக இணையுங்கள். நேராக இணைத்தால் அந்த இடம் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்கும். நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, மூலையில் அல்லாமல் ஒரு பக்கத்தின் நடுவில், எட்டு அங்குல வால் விட்டுத் தையலைத் தொடங்குங்கள். மூலைக்குக் கால் அங்குலம் முன்னால் நிறுத்தி நூலை வெட்டுங்கள். பட்டியை மேல்நோக்கி மடித்து, மீண்டும் அடுத்த பக்கத்தோடு கீழே இறக்கி, விளிம்பிலிருந்து தையுங்கள். மூலை கூராக விழும். பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்புங்கள். அங்கே மெஷினில் தைக்க வேண்டாம், கையால் மறைதையல் போடுங்கள். இரண்டு மூன்று மாலை பிடிக்கும். நாடகம் பார்த்துக்கொண்டே முடிக்கலாம்.

வாசலில் முதல் வேலை தண்ணீரைக் கவனிப்பது. மழை கொட்டும் ஒரு மாலையில் நின்று, சாரல் தரையில் எதுவரை வருகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். பெஞ்சும் அரிசிக் கோலமும் அந்தக் கோட்டுக்கு உள்ளேதான். பாசியைக் கடினமான பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். விருந்தாளி வழுக்கி விழுந்த வீடு என்று பெயர் வாங்க வேண்டாம். பூத்தொட்டித் தட்டுகளில் தேங்கிய நீரை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அவ்வளவு தண்ணீரே போதும்.

மாவிலைத் தோரணத்தை முந்தின நாள் கட்டினால் போதும். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் செவ்வந்தி மாலை வாங்கினால் நிலைப்படியில் மாட்டுங்கள், பெஞ்சின்மேல் வேண்டாம். ஈரப்பூ உதிர்ந்தால் துணியில் மஞ்சள் கறை. அகல்விளக்குகள் விரிப்பிலிருந்து நான்கடி தள்ளியே இருக்கட்டும்.

விரிப்பைத் தீபாவளி காலையில் போட்டு, இரவு உள்ளே எடுத்துவிடுங்கள். எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் பை கூடாது, நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காயவைத்துப் பருத்தித் தலையணை உறைக்குள் போட்டு வையுங்கள்.