வெள்ளி மோதிரம் பற்றவைத்தல்: பொருத்து விட்டுப்போகாதிருக்க

கல்லடியில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் நான் முதலில் செய்த மூன்று மோதிரங்களில் இரண்டு, விரலில் இடும் முன்பே பொருத்து விட்டுப் பிரிந்தன; மூன்றாவது உருகி மணியாய்த் திரண்டது. ஆகவே மற்றவற்றைச் சுருக்கி, பற்றவைப்பதையே விரித்து எழுதுகிறேன்.

கம்பியின் நீளத்தை அறிய, மோதிரத்தின் உள்விட்டத்துடன் கம்பியின் தடிப்பைக் கூட்டி 3.14 ஆல் பெருக்குங்கள். உள்விட்டம் 17 மில்லிமீற்றர், தடிப்பு 1.5 மில்லிமீற்றர் என்றால் ஏறத்தாழ 58 மில்லிமீற்றர் வரும். 92.5 வீதம் வெள்ளியுள்ள கம்பியை மங்கிய சிவப்பாகும் வரை காய்ச்சி, நீரில் தோய்த்து வளைத்தபின், இரு முனைகளையும் அரத்தால் தட்டையாக்கிச் சேர்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நூலளவு ஒளி தெரிந்தாலும் மீண்டும் அராவ வேண்டும். பற்றாசு, அதாவது முனைகளை ஒட்டவைக்க உருக்கும் வெள்ளிக் கலப்பு உலோகம், இடைவெளியை நிரப்பாது. கையில் பணம் குறைவென்றால் அதை நல்ல அரத்துக்கே செலவிடுங்கள், சிறிய காஸ் ரோச் ஒன்றே நெருப்புக்குப் போதும். பற்றாசு வாங்கும்போது மட்டும் கட்மியம் என்னும் உலோகம் கலவாததா என்று கேட்டு வாங்குங்கள். கட்மியத்தின் புகை நஞ்சு.

நான் தவறியது இதற்கு அடுத்த படியில். பொருத்தில், பற்றாசு ஓட உதவும் வெண்காரக் குழம்பைப் பூசி, எள்ளளவு பற்றாசை அதன்மேல் வைத்து, நெருப்பை நேரே அத்துண்டின் மீது செலுத்தினேன். பற்றாசு உருகியது, ஆனால் அடியிலிருந்த வெள்ளி சூடேறாததால், தாமரை இலைத் தண்ணீராய் ஒட்டாமல் உருண்டு நின்றது. பற்றாசு சூடான பக்கத்தை நாடியே ஓடும். ஆகையால் சுடரை மோதிரத்தின் பின்புறத்தில் தொடங்கி, ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றி ஆட்டுங்கள். வெண்காரம் முதலில் பொங்கி வெளுத்து, பின்னர் கண்ணாடி போலத் தெளியும். அப்போதுதான் சுடரைப் பொருத்துக்கு அருகே கொண்டுவர வேண்டும். பளிச்சென்று ஒரு கோடு பொருத்தின் வழியே ஓடியதும் விலக்கிவிடுங்கள். கடினப் பற்றாசு எனப்படும், கூடிய சூட்டில் உருகும் வகை 750 பாகை செல்சியஸ் அளவில் ஓடும், வெள்ளிக் கலவையோ 800 பாகையளவில் உருகத் தொடங்கிவிடும். இடையில் கிடைப்பது சில வினாடிகளே.

மூன்றாவது மோதிரம் மணியானதற்கு வெயிலே காரணம். முற்றத்து வெளிச்சத்தில் வெள்ளி சிவந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை. அதோடு, கச்சான் காற்று வீசும் நாட்களில் மோதிரத்தின் ஒரு பக்கம் குளிர்ந்துகொண்டே இருக்கும். இப்போது உள்ளே, கதவை ஒருக்களித்து, புகை போக ஒரு சன்னலை மட்டும் திறந்துவைத்து வேலை செய்கிறேன்.

கறுத்த மோதிரத்தைப் பழப்புளி கரைத்த நீரில் கொதிக்கவைத்தால் வெளுக்கும். பிறகு மரச் சுத்தியலால் தட்டி வட்டமாக்கி மெருகிடலாம்.

பிற்சேர்க்கை: அக்கரைப்பற்று வாசகி ஒருவர், புளிநீரிலிருந்து எடுத்த மோதிரம் செம்பு நிறமாகிவிட்டதென எழுதியிருந்தார். விசாரித்ததில், இரும்புச் சாவணத்தால் எடுத்திருக்கிறார். பலமுறை பயன்படுத்திய புளிநீரில், வெள்ளிக் கலவையிலுள்ள செம்பு கரைந்திருக்கும். இரும்பு பட்டதும் அது வெள்ளியின் மேல் படிந்துவிடும். மூங்கிற் குச்சியால் எடுங்கள். படிந்துவிட்ட செம்பு மெல்லிய அரத்தாளால் தேய்த்தால் போய்விடும்.