சியெம் ரீப்பிலிருந்து ஒரு நாள்: கோயில், கிராமம், ஏரி என்று வழிகாட்டியுடன் சுற்றி வருவது எப்படி?

கம்போடியாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அங்கோர் வாட், பாயோன், தா ப்ரோம் என்ற மூன்று கோயில்களையும் பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு நாளை விடுதியின் நீச்சல் குளத்தில் கழித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அந்த மிச்ச நாளுக்கான குறிப்பு இது. சியெம் ரீப் நகரிலிருந்து கிழக்கே போனால் பழைய தலைநகரம், காட்டுக்குள் இடிந்து கிடக்கும் கோயில், தூண்களின் மேல் நிற்கும் மீனவர் ஊர் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். முதல்முறை போகிறவர்களும் இதைத் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

படி 1: இடங்களைக் குறையுங்கள்

முதல்முறை போனபோது 'ஒரே நாளில் ஏழு இடங்கள்' என்ற பட்டியலைப் பார்த்து மயங்கினேன். அன்று நான் அதிகம் பார்த்தது ஓட்டுநரின் கைக்கடிகாரத்தைத்தான். ஆயிரத்து நூறு ஆண்டு பழைய கோயிலுக்கு இருபது நிமிடம். பட்டுக் கடைக்கு ஒன்றே கால் மணி நேரம். இரண்டாம் முறை, ஒரு பிப்ரவரி மாதம், மூன்றே இடங்கள் போதும் என்று முடிவு செய்தேன்: பழைய தலைநகரமான ரொலூஸ், காட்டுக் கோயிலான பெங் மெலியா, மீனவர் ஊரான கம்போங் க்ளெயாங்.

வரிசையும் இதேதான். ரொலூஸின் பெரிய கோயிலான பாகோங்கில் தலைக்கு மேல் நிழலே கிடையாது. வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். பெங் மெலியா மரக்கூட்டத்துக்குள் இருக்கிறது, நண்பகலையும் தாங்கலாம். ஏரிக்கரை ஊருக்குச் சாயங்காலம்தான் அழகு. இதைத் தலைகீழாக்கினால் மதியம் ஒரு மணிக்கு பாகோங்கின் கல் படிகளில் கால் பொசுங்க நிற்பீர்கள்.

மாதத்தையும் பாருங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல் வெயில் நம் சித்திரை வெயிலுக்கு அண்ணன்.

படி 2: வழிகாட்டியைத் தேர்ந்தெடுங்கள்

ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு. ஓட்டுநர்கள் பலர் அருமையான மனிதர்கள். ஆனால் கோயில் வாசலில் இறக்கிவிட்டு நிழலில் ஊஞ்சல் கட்டிப் படுத்துவிடுவார்கள். கோயிலுக்குள் வந்து விளக்க, சுற்றுலா அமைச்சகத்தின் உரிம அட்டை வைத்திருக்கும் வழிகாட்டி வேண்டும். விடுதியில் சொன்னால் ஏற்பாடு செய்து தருவார்கள். தமிழ் பேசுகிறவர் கிடைப்பது அரிது. ஆங்கிலம் தாராளமாகக் கிடைக்கும்.

பேரம் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "நேரம் போதவில்லை என்றால் எதை விட்டுவிடலாம்?" எதையும் விட வேண்டாம், எல்லாம் முடித்துவிடலாம் என்று சொல்பவர் ஓட்டமாக ஓட்டப் போகிறார். எனக்கு வாய்த்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மதியச் சாப்பாட்டைச் சுருக்கலாம், லொலெய் கோயிலை விடலாம், ஏரியை மட்டும் விடக் கூடாது" என்றார். அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

இன்னும் இரண்டை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒன்று, கடைகளுக்குப் போக வேண்டாம். இரண்டு, அநாதை இல்லத்துக்கும் பள்ளி வகுப்பறைக்கும் அழைத்துப்போக வேண்டாம். குழந்தைகளைக் காட்சிப் பொருளாக்கிக் காசு பார்க்கும் ஏற்பாடுகள் உண்டு. சில இடங்களில் 'பள்ளிக்கு அரிசி மூட்டை வாங்கிக் கொடுங்கள்' என்று கடை விலைக்குப் பல மடங்கு வைத்துக் கேட்பார்கள். கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வண்டி விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ரொலூஸ் மட்டும் என்றால் ஆட்டோ போன்ற டுக்டுக் போதும். நகரிலிருந்து 13 கிலோமீட்டர்தான். மூன்று இடமும் என்றால் கார்தான் சரி, புழுதியும் தூரமும் அப்படி.

படி 3: டிக்கெட், பணம்

அங்கோர் கோயில்களுக்கான டிக்கெட் ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. ரொலூஸ் கோயில்களும் பெங் மெலியாவும் இதிலேயே அடக்கம். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம், வயதைக் காட்டப் பாஸ்போர்ட் வேண்டும். ஏற்கெனவே மூன்று நாள் டிக்கெட் எடுத்து ஒரு நாள் மீதி இருந்தால் இந்தப் பயணத்துக்கு அதுவே போதும்.

கோயில் வாசலில் டிக்கெட் கிடைக்காது என்பதை மறக்க வேண்டாம். நகரில் உள்ள டிக்கெட் மையத்தில் முகத்தைப் படம் எடுத்து அச்சிட்டுத் தருவார்கள், இணையத்திலும் வாங்கலாம். மாலை 5 மணிக்கு மேல் வாங்கினால் மறுநாளுக்குச் செல்லும், ஆகவே முந்தின நாள் சாயங்காலமே முடித்துவிடுங்கள். ஏரியில் படகுக்குத் தனி டிக்கெட்.

டாலர், உள்ளூர் நாணயமான ரியெல் இரண்டும் புழங்கும். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியெல். ஓரம் கிழிந்த டாலர் நோட்டை யாரும் தொட மாட்டார்கள். கிராமத்துக்குள் செலவழிக்க 1,000, 5,000 ரியெல் நோட்டுகளை மாற்றிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: உடையும் பையும்

தோளும் முழங்காலும் மூடிய பருத்தி உடை, பிடிப்புள்ள செருப்பு, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர். அவ்வளவுதான்.

படி 5: காலை, ரொலூஸ்

கோயில் திறப்பது 7.30 மணிக்கு. அதற்கு முன் வழியில் நும் பான் சொக் சாப்பிட்டுவிடுங்கள். ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்த அரிசி மாவை அச்சில் இட்டுக் கொதிநீரில் பிழிந்தெடுத்த நூடுல்ஸ். இடியாப்பத்தின் நனைந்த தம்பி. மேலே எலுமிச்சம்புல் அரைத்த பச்சை மீன் குழம்பு, வெள்ளரிக்காய், வாழைப்பூ. சைவம் சாப்பிடுகிறவர்கள் வழிகாட்டியை விட்டே கடையில் பேசச் சொல்லுங்கள். அந்த ஊரில் மீன் சாறு நம் உப்பைப்போல எல்லாவற்றிலும் விழும்.

ரொலூஸ்தான் பழைய ஹரிஹராலயம், அங்கோருக்கு முந்தைய தலைநகரம். முதலில் பாகோங் போங்கள். 881இல் முதலாம் இந்திரவர்மன் இந்திரேஸ்வரன் என்ற பெயரில் லிங்கம் நிறுவிய ஐந்தடுக்குக் கல் மலை இது. மூலைகளில் கல் யானைகள் நிற்கும். மேலே ஏறும்போது அவை அடுக்குக்கு அடுக்குச் சிறுத்துக்கொண்டே போவதைக் கவனியுங்கள். கீழிருந்து பார்ப்பவனுக்கு மலை இன்னும் உயரமாகத் தெரியட்டும் என்று சிற்பி செய்த வேலை. உச்சியில் உள்ள கோபுரம் மட்டும் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

அடுத்து ப்ரெயா கோ. பெயருக்குப் பொருள் 'புனிதக் காளை'; ஆறு செங்கல் கோபுரங்களுக்கு முன்னால் மூன்று நந்திகள் கருவறையைப் பார்த்துப் படுத்திருக்கின்றன. நம் கோயில்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே தனியாக ஒரு குஷி உண்டு. செங்கல்லின் மேல் ஒட்டியிருப்பது சுதை. வாசல் உத்தரத்தில் இரண்டு பக்கமும் மகரம், நடுவில் வாயைப் பிளந்த பூதமுகம். வழிகாட்டி விளக்கத் தொடங்குவதற்குள் நான் 'மகரதோரணம்' என்று சொல்லிவிட்டேன். அவர் அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மகரம் என்ற பெயர் கம்போடியர்களின் கெமர் மொழியிலும் இருக்கிறது, தோரணம்தான் அவருக்குப் புதிது.

நேரம் இருந்தால் லொலெய். 893இல் யசோவர்மன் தன் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் கட்டிய நான்கு கோபுரங்கள். இன்று வயல் நடுவே நிற்கும் இது, கட்டியபோது 3.8 கிலோமீட்டர் நீள ஏரியின் நடுவிலிருந்த தீவு! வாசல் நிலைக்கால்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். அச்சடித்ததுபோல நுணுக்கமான எழுத்து, பல்லவ எழுத்திலிருந்து கிளைத்த கெமர் எழுத்து. படித்துக் காட்டச் சொன்னேன். கோயிலுக்கு ஊழியம் செய்ய விடப்பட்டவர்களின் பெயர்கள். வளர்பிறைக்கு ஒரு குழு, தேய்பிறைக்கு ஒரு குழு. அரசர்களின் புகழைத் தேடிப் போன எனக்கு, முறைவைத்து உழைத்தவர்களின் பட்டியல் கிடைத்தது.

படி 6: நெடுஞ்சாலையில் நிறுத்தச் சொல்லுங்கள்

ஆறாம் எண் நெடுஞ்சாலையில் டாம் டெக் சந்தை ஊர் வரை போய் வடக்கே திரும்ப வேண்டும். இந்த வழியில் குறைந்தது இரண்டு முறையாவது வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் க்ரலான் விற்கும் இடத்தில்: மூங்கில் குழாய்க்குள் ஒட்டரிசி, தேங்காய்ப்பால், பயறு போட்டு நெருப்பில் சுட்டது. வாழைப்பழம்போல மூங்கிலை உரித்துத் தின்ன வேண்டும்.

இரண்டாவது, பனைவெல்லம் காய்ச்சும் வீடு. இது வறட்சிக் காலத்துத் தொழில், ஏறக்குறைய ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. வழிகாட்டி 'மிங்' என்று கூப்பிட்டுக்கொண்டே முற்றத்துக்குள் போனார். சித்தி, அத்தை என்று எதற்கும் பொருந்தும் சொல். வயது சரியாகத் தெரியாத, நம்மைவிடக் கொஞ்சம் மூத்தவர்களுக்கு 'பொங்' என்றால் போதும்; அண்ணனும் அதுதான், அக்காவும் அதுதான்.

அந்த அம்மாள் மண் அடுப்பில் பெரிய வாணலியை வைத்துத் துழாவிக்கொண்டிருந்தார். பனை கம்போடியாவின் தேசிய மரம், நமக்கு மாநில மரம். மரம் ஒன்று, வேலை செய்யும் விதம் வேறு. நம்மவர்கள் தளைநார் மாட்டிக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறுவார்கள். அங்கே கணுக்கிளைகளைக் கொஞ்சம் விட்டு வெட்டிய மூங்கில் கழியை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கிளைத் துண்டுகளே படி. இங்கே கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவோம். அங்கே மூங்கில் குழாயில் ஒருவகை மரச் சிராய்களைப் போட்டுச் சாறு புளிக்காமல் காக்கிறார்கள். காய்ச்சிய பாகை இறக்கி, வெளுத்துக் குழைகிற வரை அடித்து, பனையோலையை வளையமாகச் சுற்றிய சிறு அச்சுகளில் ஊற்றுகிறார்கள். நம் கருப்பட்டியைவிட நிறம் குறைவு, கடி மென்மை, புகை மணம் கொஞ்சம்தான்.

ஓலைத்துண்டில் சுடச்சுட வழித்துக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு, வாங்காமல் கிளம்ப யாருக்கு மனம் வரும்? பத்து வளையம் வாங்கினேன்.

படி 7: நண்பகல், பெங் மெலியா

இந்தக் கோயிலைச் சரிசெய்து அடுக்கிவைக்கவில்லை. விழுந்த கல் விழுந்தபடி கிடக்கிறது, அதன் மேல் வேர் இறங்கியிருக்கிறது. யார் கட்டியது என்று சொல்லும் கல்வெட்டு கிடைக்கவில்லை. பாணியை வைத்து 12ஆம் நூற்றாண்டு, இரண்டாம் சூரியவர்மன் காலம் என்கிறார்கள். அங்கோர் வாட்டைப் போன்ற அமைப்பு, ஆனால் எல்லாம் ஒரே தளத்தில்.

நாகத்தைக் கைப்பிடிச் சுவராகக் கொண்ட பாதை வழியே உள்ளே போய், மரப் பலகை நடைபாதையில் ஏறிக்கொள்ளுங்கள். பலகையை விட்டு இறங்க வேண்டாம். கற்கள் ஆடும், பாசி வழுக்கும். இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். கோயிலைச் சுற்றி அகற்றிவிட்டார்கள் என்றாலும், தடமில்லாத காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். போரைப் பற்றி வழிகாட்டி தாமாகப் பேச்செடுத்தால் கேளுங்கள். கெமர் ரூஜ் ஆட்சி நடந்த 1975க்கும் 1979க்கும் இடையே யாரையாவது இழக்காத குடும்பம் அங்கே அபூர்வம். நாமாகத் துருவிக் கேட்கக் கூடாது.

என் வழிகாட்டி என்னை ஒரு சரிந்த கல்லின் அருகே உட்காரவைத்து அதன் முகத்தில் இருந்த வட்டத் துளைகளைக் காட்டினார். கல்லைத் தூக்க முளை செருகிய இடங்கள். குலேன் மலையின் தென்கிழக்கு அடிவாரத்தில் பாறை வெட்டிய இடங்கள் இங்கிருந்து தூரமில்லை. அங்கிருந்து கால்வாய் வழியாகத்தான் அங்கோருக்குக் கல் போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். ஏன் ஏரியை விடக் கூடாது என்று இவர் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட ஆரம்பித்தது. காலையில் தீவாக இருந்த கோயில், இப்போது நீரில் மிதந்து போன கல்.

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வாசலில் உள்ள கடைகளில் சாதாரணச் சாப்பாடு கிடைக்கும்.

படி 8: சாயங்காலம், கம்போங் க்ளெயாங்

டாம் டெக் திரும்பி, தெற்கே ஏரியை நோக்கிப் போக வேண்டும். தொன்லே சாப் ஏரி ஆண்டுதோறும் பெருத்து இளைக்கும். மழைக்காலத்தில் மேகாங் நதி பெருகும்போது, ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு திசைமாறி ஏரிக்குள்ளேயே பாய்கிறது. சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 15,000 வரை விரிகிறது. மழை ஓய்ந்ததும் ஆறு மறுபடி திரும்பி ஓடும்.

எண்ணாகக் கேட்டால் இது மனதில் நிற்காது. பிப்ரவரியில் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். வீடுகள் பத்து மீட்டர் வரை உயர்ந்த தூண்களின் மேல் நிற்கின்றன; அண்ணாந்தால் தொப்பி விழுகிறது. தூணில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே நீர்க்கறை ஓடுகிறது. கீழே காய்ந்த மண்ணில் படகு கட்டிக் கிடக்க, அதைச் சுற்றிச் சிறுவன் ஒருவன் சைக்கிள் ஓட்டுகிறான். செப்டம்பர், அக்டோபரில் அவன் அதே படகில்தான் போய்வருவான்.

வறட்சிக் காலத்தில் படகுச் சவாரி சேறான வாய்க்காலில்தான் தொடங்கும். ஏமாற வேண்டாம், ஏரி வரும். எனக்குப் பிடித்தது ஊருக்குள் நடப்பது. மூங்கில் குச்சியில் கோத்த மீன்களைப் புகையில் வாட்டுகிறார்கள். ப்ரஹோக் என்ற மீன் விழுதுக்காகச் சின்ன மீன்களைக் கூடை கூடையாகத் தலை கிள்ளுகிறார்கள். நாற்றம் கடுமை, மூக்கைப் பொத்தாதீர்கள், அவர்கள் வருடம் முழுவதும் சாப்பிடுவது அது. 'ட்ரெய் ரியெல்' என்னும் அந்தச் சிறு மீனின் பெயரைத்தான் நாட்டின் நாணயத்துக்கு வைத்ததாக ஒரு பேச்சு உண்டு என்று சிரித்துக்கொண்டே சொன்னார் வழிகாட்டி.

படம் எடுப்பதற்கு முன் கைகூப்பிக் கேளுங்கள். வீட்டு ஏணிக்குக் கீழே நின்று உள்ளே எட்டிப் பார்ப்பது எந்த ஊரிலும் மரியாதை இல்லை.

படி 9: கணக்கை முடிப்பது

நகருக்குத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் அன்பளிப்பைத் தனித்தனியாக, இரண்டு கையாலும் கொடுங்கள். 'ஒர்குன்' என்றால் நன்றி.

பனைவெல்லம் வாங்கியிருந்தால் விடுதிக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள், ஓலைப் பொட்டலத்தோடு பெட்டியில் வைக்காதீர்கள். என் பத்து வளையங்களில் நான்கு வழியிலேயே இளகி, ஊர் வந்து சேர்ந்தபோது மூன்று சட்டைகளும் பாஸ்போர்ட் உறையும் ஒன்றாக ஒட்டியிருந்தன.