திடம், திரவம், வாயு: வடிவத்திலும் பருமனிலும் எங்கே சறுக்குகிறோம்?

திடப்பொருளுக்கு வடிவம், பருமன் (அது அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு) இரண்டும் நிலையானவை; திரவத்துக்குப் பருமன் மட்டும்; வாயுவுக்கு இரண்டுமே நிலையில்லை. இதை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள்கூட மணலைக் காட்டினால் திணறிப்போகிறார்கள். கொட்டினால் கொட்டுகிறது, பாத்திரத்தின் வடிவத்துக்கு வருகிறது, அப்படியென்றால் திரவமா? இல்லை. பார்க்க வேண்டியது குவியலை அல்ல, ஒரு மணியை. அதை எந்தப் பாத்திரத்தில் போட்டாலும் அதன் வடிவம் அப்படியே இருக்கும். தட்டில் கொட்டிய மணல் கூம்பாகக் குவிந்து நிற்கும். தண்ணீரோ மட்டமாகப் பரவிவிடும். உப்புத் தூளும் மணலைப் போலத்தான். ஸ்பஞ்சைப் பிழியும்போது சுருங்குவதும் திடப்பொருளின் பருமன் என்று எண்ணிவிடக் கூடாது. துளைகளில் இருந்த காற்றுதான் வெளியேறுகிறது.

கண்ணுக்குக் கெட்டியாகத் தெரிவதெல்லாம் திடமும் அல்ல. தார் போன்ற கறுப்புப் பொருளான நிலக்கீலைச் சுத்தியலால் அடித்தால் சில்லு சில்லாக உடையும். ஆனால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் புனலில் ஊற்றிவைத்த நிலக்கீல் இன்றும் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சொட்டு விழப் பல ஆண்டுகள் ஆகும். ஒன்பதாவது சொட்டு 2014இல்தான் பிரிந்தது.

நான் அதிகம் பார்க்கும் தவறு, "வாயுவுக்குப் பருமன் இல்லை" என்று எழுதுவது. "நிலையான" என்ற ஒரு சொல் விடுபட்டதும் கருத்தே தலைகீழாகிவிடுகிறது. 2 லிட்டர் கலனில் அடைத்த வாயுவின் பருமன் 2 லிட்டர். அதையே காலியான 5 லிட்டர் கலனுக்கு மாற்றினால் 5 லிட்டர். நிறை அதேதான், வெப்பநிலை மாறாவிட்டால் அழுத்தம் குறையும், அவ்வளவே. "கலனில் பாதி வாயு" என்று படம் வரைவதும் தவறு. அடியில் தங்கி மேலே வெற்றிடம் விட்டு நிற்பது வாயுவின் இயல்பல்ல.

சூடாக்கினால் மூலக்கூறுகள் வீங்குகின்றன என்பது இன்னொரு தவறான எண்ணம். 1 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 1 கன சென்டிமீட்டர். 100 டிகிரி செல்சியஸில், இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் அது நீராவியானால் சுமார் 1,670 கன சென்டிமீட்டர். மூலக்கூறு வளரவில்லை, இடைவெளிதான் விரிந்தது.

உறைந்தால் எல்லாமே சுருங்கும் என்றும் முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலான பொருள்கள் சுருங்கும், தண்ணீர் விதிவிலக்கு. மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் அவை இடைவெளி விட்ட அறுகோண அமைப்பில் அடுக்கப்படுவதால் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். கழுத்துவரை நிரப்பி மூடிய கண்ணாடிப் பாட்டிலை உறையவிட்டால் அது வெடிப்பது இதனால்தான்.