கீமோ முடிந்து ஊர் திரும்பியவர் நம் வாசலுக்கு வரும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் யாருக்காவது ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், பெரும்பாலும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குத்தான் வண்டி ஏறுவார்கள். 1981-இல் அந்த மண்டலப் புற்றுநோய் மையம் வந்த பிறகு இந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். சிலர் வேலூர் வரை போவதும் உண்டு. கீமோ அங்கே, ஆனால் இரண்டு கீமோவுக்கு நடுவே உள்ள நாட்கள் நம் ஊரில். அந்த நாட்களில் உடம்புக்கு ஏதாவது என்றால் வருவது நம்மிடம்தான்: ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆசுபத்திரி, பாறசாலைப் பக்கத்துச் சின்ன கிளினிக். அங்கே மாதக்கணக்காகப் பார்த்த வைத்தியத்தை இங்கே ஒரே ராத்திரியில் கெடுத்துவிட முடியும். டூட்டி டாக்டர்களையும் நர்ஸ்களையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காய்ச்சல். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ராத்திரி பத்து மணிக்கு, "சாரே, லேசா பனி (காய்ச்சல்). ஒரு ஊசி போட்டு விடுங்க, காலையில திருவனந்தபுரம் போயிருவோம்" என்று பிளாஸ்டிக் கவரில் ஃபைலோடு வந்து நிற்பார்கள். நோயாளி தெளிவாகப் பேசுவார். ரத்த அழுத்தம் சரியாக இருக்கும். நெஞ்சில் சத்தம் இருக்காது, தொண்டையும் சிவந்திருக்காது. நாம் ஏமாறுவது இங்கேதான். சீழ் பிடிக்க நியூட்ரோஃபில் என்ற, கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு வேண்டும். அது இல்லாத உடம்பில் கிருமி எங்கும் பரவிக்கொண்டிருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. காய்ச்சல் மட்டும்தான் தெரியும். ஒரு தடவை 38.3 டிகிரி செல்சியஸ், அதாவது 101 ஃபாரன்ஹீட் காட்டினாலும் சரி, 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலும் சரி, நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே அது அவசர நிலை. பல கீமோக்களில் 7-இலிருந்து 14 நாளுக்குள் அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அதனால் பெயரைக் கேட்டதும் அடுத்த கேள்வி, "கடைசி கீமோ என்னைக்கு?" அக்யூட் லுக்கீமியா, அதாவது வேகமாக ஏறும் ரத்தப் புற்றுநோய் என்றால் அந்தக் கணக்குகூட வேண்டாம், எந்த நாளும் ஆபத்தான நாள்தான்.

செய்ய வேண்டியது: ரத்த கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுங்கள், அணு எண்ணிக்கைக்கு அனுப்புங்கள், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏறட்டும். பிப்பராசில்லின்-டாசோபாக்டம் அல்லது செஃபிபிம் போன்ற ஒன்று. கல்ச்சர் பாட்டில் இல்லையென்றால் அதற்காக மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள். அப்புறம் அவர் வைத்தியம் பார்க்கும் இடத்துக்குப் போன். "நாங்க தொட மாட்டோம், நேரா அங்கேயே கொண்டு போங்க" என்று அனுப்புவது பாதுகாப்பான முடிவு மாதிரித் தெரியும். நெய்யாற்றின்கரை நெரிசலையும் கேஷுவால்ட்டி வரிசையையும் தாண்டி அங்கே முதல் டோஸ் ஏறும்போது, அந்த ஒரு மணி நேரம் எப்போதோ போயிருக்கும்.

வரும் வழியில் பாராசிட்டமால் விழுங்கினாரா என்று கேளுங்கள். விழுங்கியிருந்தால் தெர்மாமீட்டர் காட்டுவதை நம்பாதீர்கள். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சலே வராமல் போகலாம். ஆள் சோர்ந்து, குழம்பிப் பேசினால் அதையும் காய்ச்சல் கணக்கிலேயே வைக்க வேண்டும்.

நம் பக்கத்தில் ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை. அந்த எதிர்பார்ப்புக்கு இவர்கள் விஷயத்தில் மட்டும் இணங்காதீர்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 15,000 மட்டும் இருப்பவருக்கு இடுப்பில் டைக்ளோஃபினாக் வலி ஊசி போட்டால் தசைக்குள் ரத்தம் கட்டும், பிறகு அதிலேயே கிருமி சேரும். மயலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் உள்ளவருக்கு அதே மருந்து கிட்னியையும் கெடுக்கும். ஆசனவாய் வழியாகத் தெர்மாமீட்டர், சப்போசிட்டரி, எனிமா எதுவும் கூடாது.

அடுத்து மாத்திரை. ஒரு அம்மா, லுக்கீமியா உள்ள பிள்ளையின் மாத்திரை டப்பாவை மேசையில் கவிழ்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டையில் 50 மில்லிகிராம் மெர்காப்டோபியூரின், அது தினமும். இன்னொன்றில் சின்னச் சின்னதாக 2.5 மில்லிகிராம் மெத்தோட்ரெக்சேட். அது வாரத்தில் ஒரே நாள், ஆனால் ஒரே நேரத்தில் பல மாத்திரை. மூன்றாவது கோட்ரைமாக்சசோல், வாரத்தில் இரண்டு மூன்று நாள். இதை நம் சீட்டில் திரும்ப எழுதும்போது கை தவறி மெத்தோட்ரெக்சேட்டுக்கு "தினமும்" என்று விழுந்தால், சில நாளில் வாய் முழுக்கப் புண், வயிற்றுப்போக்கு, அணுக்கள் தரைமட்டம். உயிரே போகும். வாரம் ஒருமுறை என்று எழுதினால் போதாது, கிழமையை எழுதுங்கள்: "வெள்ளிக்கிழமை மட்டும்". அந்த அம்மாவையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இந்தத் தவறு நடந்துவிட்டது என்று தெரிந்தால் ஃபோலினிக் ஆசிட் தேவைப்படும். சாதாரண ஃபோலிக் ஆசிட் அதற்குப் பதிலாகாது. "எதுக்கு இவ்வளவு நாள் ஆன்டிபயாட்டிக்" என்று கோட்ரைமாக்சசோலை நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வராமல் இருக்கத்தான் அது.

யூரிக் ஆசிட் கூடியிருக்கிறதே என்று அந்தப் பிள்ளைக்கே அல்லோபியூரினால் என்ற மாத்திரையை எழுதினால் இன்னொரு வம்பு. மெர்காப்டோபியூரினை உடம்பு கழிக்கும் வழியை அது அடைத்துவிடும். மெர்காப்டோபியூரின் அளவைக் கால் பங்காகக் குறைக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் மஜ்ஜை படுத்துவிடும். அதேபோல் வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசி போய்க்கொண்டிருக்கும்போது இட்ராகோனசோல் வகைப் பூஞ்சை மருந்தைச் சேர்த்தால் கை கால் நரம்பும் குடலும் முடங்கும். வின்கிரிஸ்டினை இங்கேயே போடும் ஆசுபத்திரிகள் அதைச் சிரிஞ்சில் எடுத்து வைக்கவே கூடாது; சின்ன சலைன் பையில்தான் கலக்க வேண்டும். தவறிப்போய் முதுகுத் தண்டில் ஏறினால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். உலக சுகாதார நிறுவனமும் பையைத்தான் சொல்கிறது.

சி.எம்.எல். (மெதுவாக வளரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்) நோயாளிகள் வேறு ரகம். ரப்பர் பால் வெட்டப் போவார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவார்கள், பார்த்தால் நோயாளி என்று தோன்றாது. இமாட்டினிப் மாத்திரை 2001-இல் வந்து இந்த நோயின் முகத்தையே மாற்றிவிட்டது; 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸின் காப்புரிமை மனுவைத் தள்ளியதால் இங்கே விலை குறைந்த ஜெனரிக் தொடர்ந்து கிடைத்தது. ரத்த அணுக் கவுண்ட் நார்மல் ஆனதும் "இனி மாத்திரை வேண்டாமே" என்று நாம் வாய் தவறிச் சொல்வதுதான் இவர்களுக்கு வரும் ஆபத்து. கவுண்ட் சரியாவது ஆரம்பம் மட்டும்தான், மாத்திரையை நிறுத்தலாமா என்பதை, ரத்தத்தில் மிச்சமிருக்கும் நோயை அளக்கும் பி.சி.ஆர். சோதனையைப் பார்த்து, அதுவும் அவருடைய டாக்டர்தான் முடிவு செய்வார். குமட்டல் என்றால் சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீரில் விழுங்கச் சொல்லுங்கள். பலருக்கு அதுவே போதும். பெண் என்றால் கர்ப்பம் பற்றி முன்கூட்டியே பேச வேண்டும்.

ரத்தம் ஏற்றுவதில் ஒரு பழைய நம்பிக்கை: சொந்தக்காரர் ரத்தம்தான் சுத்தம். அண்ணன், தம்பி, அப்பா எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு வருவார்கள். மனசு புரிகிறது. ஆனால் நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் நோயாளியின் உடம்பையே தாக்கக்கூடும். நாளைக்கு அதே அண்ணன் மஜ்ஜை கொடுக்க வேண்டி வந்தால் அதற்கும் இடைஞ்சல். அவர்கள் ரத்தவங்கிக்குப் பொதுவாகக் கொடுக்கட்டும். நோயாளிக்கு வெள்ளை அணுவை வடிகட்டிய, கதிர்வீச்சு காட்டிய ரத்தம் கேளுங்கள். பிளேட்லெட் பையை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். அது 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். வெள்ளை அணு லட்சக்கணக்கில் ஏறிக் கிடக்கும் புது நோயாளிக்கு ஹீமோகுளோபின் குறைவு என்று அவசரமாக ரத்தம் ஏற்றினால், ரத்தம் இன்னும் கெட்டியாகி மூளையில் அடைக்கும்.

நோய் தெரியும் முன்பே நடக்கும் தவறு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரியாத காய்ச்சல், கழுத்தில் கட்டி என்றால் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பது. லிம்ஃபோமாவும் (நிணநீர்க் கட்டிப் புற்றுநோய்) அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியாவும் அதற்குச் சற்று அடங்கும், பிறகு பயாப்சியில் ஒன்றும் பிடிபடாது. கட்டியை முழுசாக எடுத்துச் சோதிக்காமல் காசநோய் மாத்திரை தொடங்குவதும் இதே கதைதான். முதுகுவலியும் ரத்தசோகையுமாக வரும் அறுபது வயதுக்காரருக்கு மூன்றாவது டானிக் எழுதும் முன், மயலோமாவாக இருக்குமோ என்று நினைத்து ஒரு ஸ்மியர் (ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது), கிரியேட்டினின், கால்சியம் பாருங்கள்.

பேச்சுக்கு வருவோம். "அவருக்குத் தெரிய வேண்டாம் சிஸ்டர்" என்று மகன் வாசலிலேயே பிடித்து நிறுத்துவார். நாமும் தலையாட்டிவிட்டு, உள்ளே போய் "ரத்தக் குறைவுதான் தாத்தா" என்போம். தாத்தா ஆர்.சி.சி. வராந்தாவில் மூன்று மாதம் உட்கார்ந்து வந்தவர். பலகையைப் படிக்கத் தெரியாதவரா? "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு இருக்கு?" என்று அவரையே கேட்கலாம். நான் பார்த்தவரை மகன்தான் அதிகம் பயந்திருப்பார். சாப்பாட்டில் முட்டை, மீன், பால் என்று வரிசையாகத் தடை போடாதீர்கள். நன்றாக வேகவைத்து, சூடாக, அன்றைக்குச் செய்ததென்றால் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும் தாராளமாகச் சாப்பிடலாம். நாட்டு மருந்து எடுக்கிறாரா என்று திட்டாமல் கேளுங்கள், திட்டினால் மறைப்பார்கள்.

வலிக்கு மார்ஃபின் எழுதத் தயங்குவது இன்னும் நம்மிடம் இருக்கிறது. போதைமருந்துச் சட்டத்தில் 2014-இல் வந்த திருத்தம், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்களுக்கு இதை எளிதாக்கியிருக்கிறது. கூடவே மலமிளக்கி எழுத மறக்காதீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் (வலி தணிப்பு) நர்ஸ், இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் குழு, இருவருமே வீட்டுக்கு வருவார்கள். யாருடைய போன் நம்பரைக் கொடுக்க வேண்டும் என்பது நோயாளி எந்தப் பக்கம் குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது, ஆகவே விலாசத்தை முதலில் கேட்டுவிடுங்கள்.